மகாத் தீர்மானம்: ஒரு நகராட்சி ஆவணத்தின் தடத்தில்

1924 ஜனவரி 5 அன்று பம்பாய் மாகாணத்தின் கொலாபா மாவட்டத்தில், சாவித்ரி ஆற்றங்கரையில் உள்ள மகாத் நகரின் நகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. ஊருக்குள் இருக்கும் சௌதார் குளத்தைத் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் பயன்படுத்துவதில் நகராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்பது அதன் சாரம். அம்பேத்கரின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தத் தீர்மானம் பெரும்பாலும் ஒரே வரியில் வந்துபோகும். அடுத்த வரியிலேயே 1927 மார்ச் 20 வந்துவிடும். அம்பேத்கர் குளத்தில் இறங்கி நீரை அள்ளிக் குடிப்பார். இரண்டு வரிகளுக்கும் நடுவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன.

அந்த மூன்று ஆண்டுகள்தான் என்னைத் தேட வைத்தன. குளம் எல்லோருக்கும் உரியது என்று நகராட்சியே எழுதிக் கொடுத்த பிறகு நடைமுறை ஏன் மாறவில்லை? அந்தத் தீர்மானத்தை எழுத வைத்தது யார்? நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு யாருடையது? தண்ணீர் குடித்தவர்களை அடித்தபோது அந்தத் தீர்மானம் அவர்களுக்கு எந்த வகையில் துணை நின்றது? பொதுச் சேவையில் பாகுபாடு கூடாது என்று ஓர் ஊராட்சியோ நகராட்சியோ எழுதும் ஒவ்வொரு தாளுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும் என்பதால், ஒரு தாளையாவது தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடர்ந்து பார்ப்பது என்று இறங்கினேன்.

பார்வை

தமிழ்நாட்டு அரசாணைகளையும் நகராட்சிக் கோப்புகளையும் புரட்டிப் பழகியவர்களுக்கு 'பார்வை' என்ற பகுதி தெரிந்திருக்கும். இந்த ஆணை எந்தக் கடிதத்துக்குப் பதில், எந்த முந்தைய ஆணையின் தொடர்ச்சி என்பது அங்கே வரிசையாக இருக்கும். நகர்மன்றத் தீர்மானம் ஒன்று கொள்கை பேசுகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு மேலே ஒரு தாள் இருக்கும். அந்தத் தாளுக்கு மேலே இன்னொன்று இருக்கும். பின்னோக்கிப் போனால் முதல் கை தெரியும். நானும் அப்படித்தான் போனேன்.

மகாத் தீர்மானத்துக்கு மேலே இருந்த தாள் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பிறந்தது. 1923 ஆகஸ்ட் 4 அன்று சீதாராம் கேசவ் போலே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். போலே பண்டாரி சமூகத்தைச் சேர்ந்த சீர்திருத்தவாதி, தொழிலாளர் தலைவர். அவர் கேட்டதில் குழப்பம் எதுவும் இல்லை. பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், தர்மசத்திரங்கள், அரசு நியமித்த அமைப்புகளும் சட்டத்தால் உருவான அமைப்புகளும் நிர்வகிக்கும் இடங்கள், பொதுப் பள்ளிகள், நீதிமன்றங்கள், அலுவலகங்கள், மருந்தகங்கள் ஆகிய எல்லாவற்றையும் தீண்டப்படாதோர் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்றார்.

இதில் என் கவனம் அவர் வைத்த அளவுகோலில் நின்றது. சாஸ்திரம் என்ன சொல்கிறது, வழக்கம் என்ன சொல்கிறது என்று போலே வாதாடப் போகவில்லை. இந்த இடத்தைக் கட்டியது யாருடைய பணம் என்று கேட்டார். பொதுப் பணம் என்றால் பொதுமக்கள் எல்லோரும் வரலாம். தீட்டு பற்றிய நீண்ட விவாதத்தை ஒதுக்கிவிட்டு, வரிப்பணம் என்ற மறுக்க முடியாத கணக்கின் மேல் உரிமையை நிறுத்தியது அந்தத் தீர்மானம். ஒரு நகராட்சியிடம் பேச இதைவிடப் பொருத்தமான மொழி இல்லை.

ஆனால் அந்தக் காலச் சட்டமன்றத் தீர்மானம் சட்டம் ஆகாது. 1919ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் இயங்கிய இரட்டையாட்சியில், சட்டமன்றத் தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரை மட்டுமே. அரசு அதை எப்படி ஏற்றது என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கேதான் முதல் துப்பு கிடைத்தது.

பம்பாய் அரசு 1923 செப்டம்பர் 11 அன்று பிறப்பித்த ஆணை போலேயின் தீர்மானத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அரசுக்குச் சொந்தமான, அரசே பராமரிக்கும் இடங்களைப் பொறுத்தவரை, துறைத் தலைவர்கள் தீர்மானத்தைச் செயல்படுத்த வேண்டும் என்கிறது. நகராட்சிகளும் மற்ற உள்ளாட்சி அமைப்புகளும் என்று வரும்போது குரல் தணிந்துவிடுகிறது. பரிந்துரையை ஏற்பது விரும்பத்தக்கதா என்று பரிசீலிக்கும்படி அந்தந்த அமைப்புகளுக்குக் கலெக்டர்கள் ஆலோசனை சொல்ல வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

சாதாரண மனிதரின் ஒரு நாளில் அரசு அலுவலகம் எத்தனை முறை வருகிறது, குளமும் கிணறும் தெருவும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். விடிந்தால் தண்ணீர். அது உள்ளாட்சியின் கையில் இருந்தது. அன்றாட வாழ்க்கை எங்கே நடக்கிறதோ அங்கே கட்டளை இல்லை, ஆலோசனை மட்டும் இருந்தது. மகாத் நகராட்சி அந்த ஆலோசனையை ஏற்றுக்கொண்டது. அதற்குரிய பெருமையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஆலோசனைக்குப் பதிலாக வந்த தீர்மானமும் ஆட்சேபணை இல்லை என்ற அளவில் நின்றது. யாராவது தடுத்தால் நகராட்சி என்ன செய்யும் என்பதற்கு அதில் இடமில்லை.

அதே ஆண்டில் சென்னையில்

பம்பாயில் கண்டதைச் சென்னையோடு ஒப்பிடாமல் விட முடியவில்லை. 1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரின் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றுக்குச் சாதி இந்துக்கள் போகும் அதே அளவில் எவரும் போகலாம் என்பதை அரசு தன் கொள்கையாக ஏற்க வேண்டும் என்று அது கேட்டது. செப்டம்பர் 25 அன்று உள்ளாட்சி, நகராட்சித் துறையின் 2660ஆம் எண் அரசாணையாக அது வெளிவந்தது.

மகாத் தீர்மானமும் சென்னை அரசாணையும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தேன். சென்னை ஆணை பரப்பில் பெரியது. மாகாணம் முழுவதற்கும் பொருந்துவது. ஆனால் அதுவும் எவரும் நடப்பதில் ஆட்சேபணை இல்லை என்ற வாய்பாட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தடுப்பவருக்கு என்ன தண்டனை என்பதை அதுவும் சொல்லவில்லை.

அதன் விளைவு உடனே தெரிந்தது. அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காட்டின் கல்பாத்தியில், 1924 நவம்பர் தேர்த்திருவிழாவின்போது அரசாணையை நம்பி அக்கிரகாரத் தெருவுக்குள் நடந்த, தீண்டாமைக்கு ஆளான ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். ஆணையைக் காப்பாற்ற வேண்டிய நிர்வாகம், அமைதி கெடும் என்று காரணம் சொல்லி அவர்களைத்தான் தடுத்தது. ஈழவர்களில் ஒரு பகுதியினர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து அந்தத் தெருவில் நடக்கும் உரிமையைத் தேட வேண்டியதாயிற்று. அரசு திறந்துவிட்ட பொதுத் தெருவில் நடக்க ஒரு மனிதன் தன் சமயப் பிரிவையே மாற்றிக் காட்ட வேண்டியிருந்தது என்றால், அந்த ஆணையில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

கோவையைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ஆர். வீரையன் அந்த ஓட்டையைப் பார்த்தார். உள்ளாட்சி வாரியச் சட்டத்திலும் மாவட்ட நகராட்சிச் சட்டத்திலும் திருத்தம் வேண்டும் என்று போராடினார். 1926இல் வந்த திருத்தம், பொதுத் தெரு, கிணறு, குளம், சந்தை ஆகியவற்றை ஒருவர் பயன்படுத்துவதைத் தடுத்தால் அபராதம் என்று வகை செய்தது. கொள்கை அறிவிப்பு சட்டமாக மாறிய இடம் இது. இரட்டைமலை சீனிவாசனின் ஆணையைக் கொண்டாடும் நாம், அதற்கு வலுச் சேர்த்த வீரையனின் திருத்தத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும். முதல் தாள் உரிமையைச் சொன்னது. இரண்டாம் தாள் மறுப்பவர் தர வேண்டிய விலையைச் சொன்னது.

பம்பாயிலும் இதே ஆண்டில் இதே தேவை உணரப்பட்டது. 1926 ஆகஸ்ட் 5 அன்று போலே மீண்டும் எழுந்து இரண்டாவது தீர்மானத்தை முன்வைத்தார். தன் முதல் தீர்மானத்தைச் செயல்படுத்த மறுக்கும் நகராட்சிகளுக்கும் உள்ளாட்சி வாரியங்களுக்கும் அரசு மானியம் தரக்கூடாது என்றார். மூன்று ஆண்டு அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது. நகராட்சியின் மனச்சாட்சி அசையாவிட்டால் அதன் வரவு செலவுக் கணக்கைத் தொட வேண்டும்.

38 ஆண்டுகள் கழித்து அமெரிக்கா இதே வழியில் நடந்தது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, மத்திய அரசின் நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்விக நாடு காரணமாக ஒருவரை விலக்கக்கூடாது என்றது. மீறினால் நிதியை நிறுத்தலாம் என்றது. இன்று அமெரிக்க நகர நிர்வாகங்கள் வெளியிடும் பாகுபாடின்மைக் கொள்கைகளின் வேர் அங்கே இருக்கிறது. அவற்றில் பொறுப்பு அலுவலர் யார், எங்கே முறையிடுவது, எத்தனை நாளுக்குள் முறையிடுவது என்பது வரை எழுதப்பட்டிருக்கும். ஆறாம் தலைப்பின் கீழ் வரும் முறையீட்டுக்குப் பொதுவாக 180 நாள் கெடு. போலேயின் பெயர் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் நிதியைப் பிடித்து நீதியை வாங்கலாம் என்று 1926லேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு தொழிலாளர் தலைவர் சொல்லியிருக்கிறார் என்பது நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல வேண்டிய செய்தி.

மூன்று ஆண்டு மௌனத்தின் காரணம்

மேலே போன தடம் கிடைத்தது. கீழே, ஊருக்குள் என்ன நடந்தது? தீர்மானம் வந்த பிறகும் மக்கள் ஏன் குளத்துக்குப் போகவில்லை?

இதற்கான விடை மகாத் கோப்புகளில் இல்லை. வேறு ஓர் அறிக்கையில் இருந்தது. 1928இல் பம்பாய் அரசு, ஒடுக்கப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர் நிலையை ஆராய ஸ்டார்ட் என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அம்பேத்கரும் அதில் உறுப்பினர். 1930இல் வந்த அதன் அறிக்கை, பொது வசதிகளை எல்லோருக்கும் திறந்துவிடப் பல பரிந்துரைகளைச் செய்துவிட்டு, அந்த உரிமைகளைப் பயன்படுத்துவது நீண்ட காலத்துக்குக் கடினமாகவே இருக்கும் என்று அஞ்சுகிறது. முதல் காரணம் நேரடி வன்முறை. அடுத்த காரணம் பிழைப்பு. நிலம் மேல்சாதியினருடையது. வேலை தருபவர்கள் அவர்கள். கடை வைத்திருப்பவர்கள் அவர்கள். உரிமை கேட்டவனை நிலத்திலிருந்து வெளியேற்றலாம், வேலையை நிறுத்தலாம், கடையில் பொருள் தர மறுக்கலாம். சட்டப் புத்தகத்தைத் தொடாமலேயே ஒரு குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட முடியும்.

இதைப் படித்தபோது மூன்று ஆண்டுகளின் புதிர் அவிழ்ந்தது. திறந்த குளத்துக்கும் தாகத்தோடு நின்றவருக்கும் நடுவே வேலை, கூலி, கடன், கடை என்று ஒரு சுவர் இருந்தது. தனி மனிதர் அதைத் தாண்ட முடியாது. கூட்டமாகச் சேர்ந்தால்தான் முடியும். அந்தக் கூட்டத்தைத் திரட்டும் வேலைதான் 1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகாதில் நடந்த மாநாடு.

மாநாட்டுக்கு உழைத்தவர்களில் ராமச்சந்திர பாபாஜி மோரே முதன்மையானவர். அந்தப் பகுதியைச் சேர்ந்த இளைஞர். அனந்த் சித்ரே, நகராட்சித் தலைவர் சுரேந்திரநாத் டிப்னிஸ் போன்ற சாதி இந்து நண்பர்களும் துணை நின்றார்கள். இரண்டாம் நாள், வந்திருந்தவர்கள் ஊர்வலமாகக் குளத்துக்குச் சென்றார்கள். அம்பேத்கர் நீர் அருந்தினார், கூட்டத்தினரும் அருந்தினார்கள். நகராட்சி 1924இல் எழுதியதை 1927இல் மக்கள் நடத்திக் காட்டினார்கள். நடந்தது அவ்வளவுதான். எந்தச் சட்டமும் மீறப்படவில்லை.

சில மணி நேரத்தில் வதந்தி கிளம்பியது. இவர்கள் அடுத்து வீரேசுவரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று ஊருக்குள் பரப்பினார்கள். மாநாட்டுப் பந்தலில் இருந்தவர்களையும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் தடியோடு வந்தவர்கள் தாக்கினார்கள். பலர் காயமடைந்தார்கள். பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். 108 பானைகளில் எடுத்த நீரோடு பஞ்சகவ்யம் கலந்து மந்திரம் சொல்லிக் குளத்தில் ஊற்றினார்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அதுவரை எடுத்து வந்த அதே நீர் அது. கால்நடைகள் குடித்த நீர். அந்த நீருக்கு இல்லாத தீட்டு, வரி கட்டும் தீண்டப்படாதோரின் கை பட்டதும் வந்துவிட்டது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

அடுத்த ஆவணம்தான் இந்தத் தேடலிலேயே என்னை அதிகம் வருத்தியது. 1927 ஆகஸ்ட் 4 அன்று மகாத் நகராட்சி தன் 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ரத்து செய்தது. போலேயின் தீர்மானம் பம்பாயில் நிறைவேறி அன்றோடு சரியாக நான்கு ஆண்டுகள்.

ஒரு மன்றம் தன் பெரும்பான்மையால் கொடுத்ததைத் தன் பெரும்பான்மையால் திரும்ப எடுத்துக்கொண்டது. அடித்தவர்களைத் தடுக்க ஒரு தீர்மானம் போடாத நகராட்சி, அடிபட்டவர்களின் உரிமையை நீக்க ஒரு தீர்மானம் போட்டது. உள்ளூர்ப் பெரும்பான்மையின் தயவில் நிற்கும் உரிமை எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை.

நீதிமன்றக் கட்டு

தீர்மானம் ரத்தானதோடு தடம் அறுந்திருக்க வேண்டும். அறுந்துபோகாமல் காப்பாற்றியது வழக்கு. நிர்வாகம் தொலைத்துவிடும் காகிதங்களைச் சாட்சியாகத் தைத்து வைப்பது நீதிமன்றக் கட்டு. உள்ளாட்சி வரலாற்றைத் தேடும் எவரும் கடைசியில் அங்கேதான் போய் நிற்பார்கள். மகாராஷ்டிர அரசு வெளியிட்டுள்ள அம்பேத்கர் எழுத்துகளும் பேச்சுகளும் வரிசையில் 17ஆம் தொகுதியின் முதல் பாகமும், பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பும் இந்தப் பகுதியில் எனக்கு வழிகாட்டின.

டிசம்பரில் மீண்டும் மகாதில் கூடி, குளத்தில் நீர் எடுக்கும் சத்தியாகிரகம் நடத்துவோம் என்று அம்பேத்கர் அறிவித்திருந்தார். அதற்கு முன்பே, 1927 டிசம்பர் 12 அன்று, ஊரின் சாதி இந்துக்கள் சிலர் மகாத் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். குளம் தங்களுக்குரியது, தீண்டப்படாதோருக்கு அதில் உரிமை இல்லை என்பது அவர்கள் வாதம். அம்பேத்கரும் அவருடைய தோழர்களும் பிரதிவாதிகள். இரண்டே நாளில், டிசம்பர் 14 அன்று, இடைக்காலத் தடை கிடைத்தது.

டிசம்பர் 25 அன்று மாநாடு கூடியது. இடம் கொடுக்க ஊரில் சாதி இந்துக்கள் யாரும் முன்வராத நிலையில் ஒரு முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். அன்று இரவு மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. வரலாறு அதை நினைவில் வைத்திருக்கிறது. நான் இங்கே சுட்ட விரும்புவது அடுத்து நடந்ததை. ஆயிரக்கணக்கானோர் சத்தியாகிரகத்துக்குத் தயாராக நின்றார்கள். கலெக்டர் ஹூட் மாநாட்டுக்கு வந்து, நீதிமன்றத் தடையை மதிக்கும்படி கேட்டுக்கொண்டார். அம்பேத்கர் கூட்டத்தை இணங்க வைத்து, குளத்தில் இறங்குவதைத் தள்ளிவைத்தார். மார்ச்சில் அடி வாங்கிய மக்கள், டிசம்பரில் நீதிமன்றத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். சட்டத்தை மதித்தவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

1928 பிப்ரவரி 23 அன்று இடைக்காலத் தடை நீக்கப்பட்டது. ஆனால் மூல வழக்கு நடந்துகொண்டே இருந்தது. 1931இல் மகாத் நீதிமன்றம் வாதிகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தோற்றவர்கள் தானே நகர நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள். 1933இல் அங்கும் தோற்றார்கள். பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம். நரஹரி தாமோதர் வைத்யா எதிர் பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர் என்பது வழக்கின் பெயர். நீதிபதிகள் புரூம்ஃபீல்டும் என்.ஜே. வாடியாவும். 1922இல் அகமதாபாத்தில் காந்தியை விசாரித்து ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்தவர் இதே புரூம்ஃபீல்டுதான்.

1937 மார்ச் 17 அன்று வந்த தீர்ப்பில் ஓர் அரிய வரைபடம் சொற்களாக இருக்கிறது. நான்கைந்து ஏக்கர் பரப்புள்ள குளம். எல்லாப் பக்கமும் நகராட்சிச் சாலைகள். சாலைக்கு அப்பால் சாதி இந்துக்களின் வீடுகள், மிகச் சில முஸ்லிம் வீடுகள். தீண்டப்படாதோர் வீடு ஒன்றும் அருகில் இல்லை. குளம் எவ்வளவு பழையது என்று யாருக்கும் தெரியாது. மழை நீரும் சில ஊற்றுகளும் அதை நிரப்புகின்றன.

இந்த வரைபடத்திலிருந்துதான் நீதிபதி தர்க்கத்தைக் கட்டுகிறார். நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து தங்களுக்கு மட்டுமே உரிய வழக்கம் இருந்தது என்று வாதிகள் நிரூபிக்க வேண்டும். இந்தத் தகராறுக்கு முன் தீண்டப்படாதோர் இங்கே உரிமை கோரியதற்குச் சான்று இல்லை என்பது உண்மை. ஆனால் குளத்தைச் சுற்றிச் சாதி இந்துக்களின் வீடுகள் எழுவதற்கு முன்னால், நீரைத் தங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிக்கொள்ள யாராவது முயன்றிருப்பார்களா என்பது ஐயமே. வீடுகள் பிறகு வந்தவை என்றால், தடையும் பிறகு வந்தது. பிறகு வந்ததைப் பழம்பெரும் வழக்கம் என்று சொல்ல முடியாது. மேல்முறையீடு தள்ளுபடி.

நிலத்தின் அமைப்பைப் படித்துச் சாதியின் வயதைக் கணக்கிட்ட இந்தப் பகுதி, உள்ளாட்சி ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. அதே நேரம் இந்த வெற்றியின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பொதுக் குளத்தில் எல்லோருக்கும் சம உரிமை உண்டு என்று நீதிமன்றம் அறிவிக்கவில்லை. வாதிகள் தங்கள் வழக்கத்தை நிரூபிக்கத் தவறினார்கள் என்றது. அவர்கள் நிரூபித்திருந்தால் அந்த வழக்கம் நியாயமானதா, பொதுக் கொள்கைக்கு முரணானதா என்று பார்க்க வேண்டியிருந்திருக்கும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. ஒரு குவளை நீருக்காக ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடிய பிறகும், சமத்துவம் சட்டத்தின் வாக்கியமாக எழுதப்படவில்லை.

எழுதப்பட்ட வாக்கியம்

அந்த வாக்கியம் எங்கே எழுதப்பட்டது என்பது நமக்குத் தெரியும். எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அந்த வழக்கின் முதல் பிரதிவாதி. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு, அரசு நிதியால் முழுவதுமோ பகுதியோ பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களின் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை, பொது இடம் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எந்தக் குடிமகன் மீதும் தடை விதிக்கக்கூடாது என்கிறது. போலே 1923இல் வைத்த அளவுகோல் இங்கே அப்படியே நிற்கிறது. பொதுப் பணமா? அப்படியானால் எல்லோருக்கும் உரியது. பரிந்துரையாக இருந்தது உரிமையாகிவிட்டது. இனி எந்த நகர்மன்றமும் கை தூக்கி வாக்கெடுத்து இதை ரத்து செய்ய முடியாது.

1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, பொது இடம் என்பதில் இடுகாடு அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. அரசோ நகராட்சியோ ஊராட்சியோ பொது நிதியில் பராமரிக்கும் இடுகாடு என்றால், அங்கே தன் உடல் புதைக்கப்படவோ எரிக்கப்படவோ ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று அம்பேத்கர் விளக்கினார். சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் பிணத்தோடு சாலையில் காத்திருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அந்த விளக்கம் அன்றே எழுதி வைத்த பதில்.

மகாத் தீர்மானத்தில் இல்லாமல் போன மற்றொரு வாக்கியமும் பின்னால் வந்தது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பைத் தொடர்ந்து 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் அதைக் கடுமையாக்கிக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். பொது நீர்நிலையையோ பாதையையோ சுடுகாட்டையோ பயன்படுத்தவிடாமல் தடுத்தால் குறைந்தது ஒரு மாதம், அதிகம் ஆறு மாதம் சிறை என்றது சட்டம். அதைவிட முக்கியமாக, அதே திருத்தத்தில் சேர்ந்த 15ஏ பிரிவு செய்ய வேண்டியவர் யார் என்று சொன்னது. சட்ட உதவி கொடுப்பது, பொறுப்பு அலுவலர்களை நியமிப்பது, தீண்டாமை நிலவும் பகுதிகளைக் கண்டறிவது, நிலைமையை அவ்வப்போது ஆய்வு செய்வது எல்லாம் மாநில அரசின் கடமை. எடுத்த நடவடிக்கை பற்றிய அறிக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். 1924இல் மகாதில் விடுபட்டதை நிரப்ப 52 ஆண்டுகள் ஆயின.

தேடலின் முடிவு

நான் தேடிப் போனது ஒரு தீர்மானத்தை. கண்டடைந்தது ஒரு விதியை. பொதுச் சேவையில் பாகுபாடு கூடாது என்ற கொள்கை நான்கு கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் உயிரோடு இருக்கும். உரிமை எதன் மேல் நிற்கிறது? நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது? மறுத்தால் என்ன ஆகும்? கொடுத்தவர்களே திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? மகாத் தீர்மானம் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. மற்ற மூன்றுக்கும் பதில் இல்லாததன் விலையை 1927 மார்ச் 20 அன்று தலையில் அடி வாங்கியவர்கள் கொடுத்தார்கள்.

இது முடிந்துபோன கதை என்று நினைக்க நமக்கு உரிமை இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களுக்கு நீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது. அந்தத் தொட்டி பொதுப் பணத்தில் கட்டியது. குளத்தில் இறங்க விடாமல் தடுத்த காலம் போய், குழாயில் வரும் நீரையே கெடுக்கும் காலம் வந்திருக்கிறது என்றால், தாளில் உள்ள சட்டத்துக்கும் தெருவில் உள்ள வாழ்க்கைக்கும் இடையே உள்ள தூரத்தை யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

அளப்பதற்கு ஆய்வாளர் பட்டம் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து மூன்று தகவல்களைக் கேளுங்கள். குடிநீர்க் குழாய் எந்தத் தெரு வரை போகிறது, தெருவிளக்கு எந்த வார்டில் எத்தனை எரிகிறது, சுடுகாட்டுப் பாதைக்குக் கடைசியாக எந்த ஆண்டு நிதி ஒதுக்கினார்கள். வரும் பதிலை ஊரின் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். கோடு காலனிக்கு முன்னால் நின்றுபோனால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்கோ வார்டு கூட்டத்துக்கோ போங்கள். நிறைவேற்ற வேண்டியவர் யார் என்று கேளுங்கள். பெயரும் தேதியும் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.